எஸ்டிமேட்டில் ஏறாத கூலி

காலை நாலரை மணி. கூடலூர் டீக்கடைகளில் பாய்லர் கொதித்துக்கொண்டிருக்கிறது. தேனி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், மலையின் காலடியில் இருக்கும் ஊர் இது. தூக்குவாளியும் துணிப்பையுமாக ஆண்களும் பெண்களும் இருட்டுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். பாதிப் பேர் ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்கள். மீதிப் பேரின் தொழிலைப் பையே சொல்லிவிடும். கரணையின் மரப்பிடி எட்டிப் பார்க்கும். ரசமட்டம் பைக்குள் அடங்காமல் துருத்திக்கொண்டு நிற்கும். ஜீப் வந்ததும் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். லோயர் கேம்ப், ராட்சதக் குழாய்கள் இறங்கும் மலைச்சரிவு, கொண்டை ஊசி வளைவுகள், குமுளி செக்போஸ்ட். ஜீப்பை விட்டு இறங்கும்போது மாநிலம் மாறியிருக்கும், கூலியும் மாறியிருக்கும்.

இந்த ஜீப்பில் வழக்கமாக முன்சீட்டில் உட்காரும் ஒரு கொத்தனாரோடு சில நாட்கள் போய் வந்தேன். குமுளிக்கு மேலே ஒரு வீட்டு வேலையை லேபர் கான்ட்ராக்டாக எடுத்திருக்கிறார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. முன்பக்கங்களில் எல்லாக் கொத்தனார்களும் எழுதுகிற கணக்குதான்: ஆள் பெயர், முழு நாள், அரை நாள், வாரக் கடைசியில் கழிக்க வேண்டிய அட்வான்ஸ். நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து படித்தால் வேறொரு கணக்கு ஓடுகிறது. ஜீப். டீ. மழை. காய்ச்சல். ஊர்த் திருவிழா.

“மழைன்னு எழுதியிருந்தா அன்னிக்கு வேலை இல்லைன்னு அர்த்தம், சார். வேலை இல்லைன்னா கூலியும் இல்லை. ஆனா மேல ஷெட்டுல தங்கியிருக்கிற பயலுக்குச் சோறு வேணும்ல? வீட்டுக்காரர் தரமாட்டாரு. எஸ்டிமேட்டுல அதுக்கு எடமே கிடையாது. நான்தான் பார்க்கணும்.”

எஸ்டிமேட்டில் இடமில்லாத அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். கட்டுமானச் செலவு ஏன் எகிறுகிறது, வேலை ஏன் இழுத்துக்கொண்டே போகிறது என்று உலகம் முழுக்க ஆராய்ச்சிகள் நடக்கின்றன. சிமென்ட் விலை, கம்பி விலை, நிலம், வழக்கு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. இடுக்கி, பாலக்காடு எல்லை மலைகளில் கட்டிய, கட்ட முடியாமல் விட்ட வேலைகளின் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. ஓர் ஆளை மலைக்கு மேலே கொண்டுவந்து, சோறு போட்டு, காய்ச்சலிலிருந்து காப்பாற்றி, அடுத்த வாரமும் அவன் திரும்பி வரும்படி வைத்திருக்க ஆகும் செலவே இங்கே பெரிய செலவு. அதைக் கணக்கில் எழுதியவர்கள் வேலையை முடித்தார்கள். எழுதாத இடங்களில் அந்தச் செலவை வேலை செய்தவர்களே கொடுத்தார்கள், சில சமயம் உயிராக.

கூலி கேட்டதால் நின்ற அணை

முல்லைப் பெரியாறு என்றதும் நீர்மட்டமும் வழக்கும்தான் இன்று பேச்சாக வருகின்றன. அந்தப் பேச்சுக்குள் நான் போகவில்லை. அந்த அணை எழும்பிய கதையை ஒரு வேலைக் கணக்காக மட்டும் பார்ப்போம்.

மேற்கே ஓடி வீணாகும் தண்ணீரைக் கிழக்கே திருப்பும் யோசனை ஆங்கிலேயருடையது மட்டுமல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, ஆட்களை மலைக்கு அனுப்பி இடத்தைப் பார்த்துவரச் சொன்னார். முடியும் என்றுதான் தெரிந்தது. கையில் அவ்வளவு பணம் இல்லை என்பதும் கூடவே தெரிந்தது. 1808-ல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்துவிட்டு, இது வெறும் பகற்கனவு, இனி யோசிக்கவே தகாதது என்று எழுதி மூடிவிட்டார்.

1850-ல் நடந்ததைத்தான் கட்டுமானம் படிக்கும் மாணவர்களுக்கு முதல் பாடமாக வைக்க வேண்டும். அந்த ஆண்டு கேப்டன் ஃபேபர் ஒரு சிறிய அணையைக் கட்டத் தொடங்கினார். பெரியாற்றின் கிளையான சின்ன முல்லையாற்றுப் பக்கம் தண்ணீரைத் திருப்பும் வேலை. வேலை பாதியில் நின்றது. பதிவாகியிருக்கும் காரணங்கள் இரண்டு. ஒன்று, அந்த இடத்தின் நோய். இன்னொன்று, ஆட்கள் ‘அளவுக்கு மீறி’ கூலி கேட்டது.

அந்த ‘அளவுக்கு மீறி’ என்ற சொல்லில் கொஞ்சம் நின்று பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கில் வயல் வேலைக்கு ஒரு கூலி உண்டு. வேலை முடிந்தால் வீட்டுக்குப் போகலாம். காட்டுக்குள் போனால் யானை, அட்டை, மழை, எல்லாவற்றுக்கும் மேல் மலைக் காய்ச்சல். படுத்தால் பார்க்க ஆள் இல்லை. இறந்தால் ஊருக்குச் செய்தி போகவே நாளாகும். அப்படிப்பட்ட இடத்துக்கு வர அவன் கேட்ட விலை, அந்த வேலையின் உண்மையான விலை. அதிகாரிகள் கையிலிருந்த மதிப்பீட்டில் இருந்தது வயல் கூலி. இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளியில் அந்த அணை விழுந்தது.

அதன்பின் 1862-ல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் ஆய்வு தொடங்கி, 1867-ல் 62 அடி உயர மண் அணைக்குத் திட்டம் கொடுத்தார். பேச்சு நீண்டது. 1876-77 பஞ்சம் வந்து தென்னாட்டைச் சூறையாடியது. பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசுக்கு அவசரம் வந்தது. 1882-ல் ஒப்புதல், பொறியாளர் ஜான் பென்னிகுவிக்கிடம் பொறுப்பு, 1884-ல் அவருடைய திருத்திய மதிப்பீட்டுக்கு அனுமதி, 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம். 8,000 ஏக்கர், ஏக்கருக்கு ஐந்து ரூபாய், ஆண்டுக்கு நாற்பதாயிரம், 999 ஆண்டுகள். மறு ஆண்டு வேலை தொடங்கியது.

ஒரு மூட்டை சுண்ணாம்பின் பயணம்

அணையின் உடல் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்ந்த காரைக் கான்கிரீட். சுர்க்கி என்றால் சுட்ட செங்கல்லின் பொடி. சிமென்ட் நம் ஊருக்குப் புழக்கமாக வராத காலம். சுண்ணாம்புக்கல் கீழே கம்பம் பள்ளத்தாக்கில். அணை மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், காட்டுக்கு நடுவே. அந்த மூட்டையை மேலே சேர்க்க எத்தனை கை மாற வேண்டியிருந்தது! அடிவாரம் வரை மாட்டுவண்டி. அங்கிருந்து மலைமேல் தேக்கடிக்குக் கம்பிவடப் பாதை. தேக்கடியிலிருந்து ஓடையைச் சீர்ப்படுத்தி, அதில் படகு. இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் ஒவ்வோரிடத்திலும் ஆள். இரும்புச் சாமான்கள் ரயிலில் அம்மையநாயக்கனூர் வரை வந்து, அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் வண்டியில் நகர்ந்து அடிவாரம் சேர வேண்டும்.

கம்பிவடப் பாதை, படகு, சுரங்கம் தோண்ட அழுத்தக் காற்றால் இயங்கும் துளைக்கருவிகள். இவற்றை எந்திர மோகம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேலே ஒவ்வோர் ஆளையும் வைத்துக் காப்பாற்றுவது அத்தனை கடினமாக இருந்ததால், ஆளைக் குறைக்க முடிந்த இடத்தில் எல்லாம் குறைத்தார்கள். 5,704 அடி நீளச் சுரங்கத்தைக் கை உளியால் மட்டும் குடைந்திருந்தால் எத்தனை ஆயிரம் ஆள் நாட்கள் கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கும்! அத்தனை நாட்களுக்கும் அரிசி மேலே ஏற வேண்டும். அத்தனை பேரும் காய்ச்சலுக்கு இலக்காக வேண்டும். சுரங்கத்தின் மறுமுனையில் தண்ணீர் வைகை நோக்கி இறங்கியது. மதுரை, ராமநாதபுரம் சீமையின் வயல்கள் அந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் நனைந்தன.

ஆள் பிடிப்பதிலும் ஃபேபர் செய்யாத ஒன்று இந்த முறை நடந்தது. மதராஸ் பயனியர் படையின் 1-வது, 4-வது பட்டாலியன்கள் வேலைக்கு இறக்கப்பட்டன. கொச்சியிலிருந்து போர்ச்சுகீசியத் தச்சர்கள் வந்தார்கள். தற்காலிகத் தடுப்பணைகளும் மரவேலைகளும் அவர்கள் பொறுப்பு. கூலி ஆட்கள் ஊருக்குப் போய்விட்டாலும் படைவீரர்கள் இருப்பார்கள். அன்றாடக் கூலிக்கு வெளியே, எந்த நாளிலும் வேலையைத் தாங்கிப் பிடிக்க ஒரு கையிருப்பு.

இதை எழுதும்போது குமுளிக் கொத்தனார் சொன்னது நினைவுக்கு வருகிறது. தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் வேலையை நடுவில் நிறுத்த முடியாது. நிறுத்தினால் பழைய கலவையும் புதிய கலவையும் ஒட்டாமல் அந்த இடத்தில் பிற்பாடு ஒழுகும். மிக்சரில் ஜல்லி, மணல் அள்ள ஆள், சட்டி கைமாற்ற ஆள், மேலே பரப்ப ஆள், மட்டம் பார்க்க ஆள். “பதினாலு ஆள் வேணும்னா பதினாறு பேருக்குச் சொல்லி வச்சிருவேன். பதினாறு பேரும் வந்துட்டா ரெண்டு கூலி எனக்குத் தண்டம். வராம போயி நடுவுல நின்னா தளமே தண்டம். எது பரவாயில்ல, நீங்களே சொல்லுங்க.” ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இதற்கு எத்தனையோ பெயர் உண்டு. 1957-ல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் வேலைகளை ஒன்றையொன்று சார்ந்த சங்கிலியாக வரைந்து, எந்தக் கண்ணி தாமதித்தால் மொத்த வேலையும் தாமதிக்கும் என்று கண்டுபிடிக்கும் முறையை உருவாக்கியது. நம் கொத்தனார் அந்தக் கண்ணிக்கு இரண்டு ஆள் கூலியைக் காப்பீடாகக் கட்டுகிறார்.

பெரியாற்றில் அந்தக் கண்ணி, ஆற்றைத் திருப்புவது. அடித்தளம் போட வேண்டுமானால் தண்ணீரை ஒதுக்க வேண்டும். ஒதுக்கக் கட்டிய தடுப்பணைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. கல்லும் மண்ணும் போனால் மறுபடி எடுக்கலாம். அதற்குள் போயிருந்த கூலி நாட்கள் திரும்பி வராது. ஒரு பருவம் முழுக்க நூற்றுக்கணக்கானவர்கள் சுமந்து போட்டது ஒரே ராத்திரியில் கொச்சிப் பக்கம் போய்விட்டது என்றால், மறுநாள் காலை அதே ஆட்களை அதே இடத்தில் மறுபடி முதல் கல்லைத் தூக்க வைப்பதற்கு வெறும் பொறியியல் போதாது.

பென்னிகுவிக் தன் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று தேனி மாவட்டத்துச் சனம் சொல்கிறது. மனைவியின் நகையை விற்றார் என்றும் சொல்வார்கள். அவர் படம் மாட்டாத வீடும் கடையும் குறைவு. பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ல் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிறார்கள். அந்த நன்றியைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தண்ணீர் குடித்தவன் நன்றி சொல்கிறான், அவ்வளவுதான். ஆனால் அந்த மண்டபத்தில் நிற்கும்போதெல்லாம் இன்னொரு எண் என் மனசைப் பிடித்துக்கொள்கிறது: 483. கட்டுமானக் காலத்தில் நோயால் மட்டும் இறந்தவர்கள் இத்தனை பேர் என்று பதிவு சொல்கிறது. அணைக்கு வடக்கே அவர்களைப் புதைத்தார்கள்.

அணையின் மொத்தச் செலவு என்ன? ஒரு புத்தகத்தில் 81.30 லட்சம் ரூபாய் என்று இருக்கிறது. ராணுவப் பொறியாளர்களைப் பற்றி 1935-ல் சாண்டிஸ் எழுதிய நூலில் 104 லட்சம். ஒரே அணைக்கு 22 லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் இரண்டு தொகைகள். இரண்டில் எதை எடுத்தாலும் அந்த 483 அதில் ஒரு ரூபாயாகக்கூட ஏறியிருக்காது. 1895 அக்டோபரில் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு வந்து தண்ணீரைத் திறந்துவைத்தார்.

அணை வேலை தொடங்கிய அதே 1880-களில்தான் அமெரிக்காவின் ஓர் இரும்பாலையில் ஃபிரெடரிக் டெய்லர் கையில் கடிகாரத்தோடு தொழிலாளிகளின் வேலையை நொடி நொடியாக அளந்துகொண்டிருந்தார். மேலாண்மை என்ற படிப்பே அங்கிருந்து பிறந்ததாகச் சொல்வார்கள். அவருடைய புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1911-ல். பென்னிகுவிக் இறந்ததும் அதே ஆண்டு மார்ச்சில். ஒருவர் கூரைக்குக் கீழே, காய்ச்சல் இல்லாத ஊரில், தினமும் ஆலை வாசலுக்கு வரும் ஆளை அளந்தார். இன்னொருவருக்கு ஆள் நாளைக்கு இருப்பானா என்பதே கேள்வி. நம் மலைகளின் மேலாண்மைப் பாடம் டெய்லரிடம் கிடைக்காது.

மலம்புழையும் இடுக்கியும்

பாலக்காட்டு மலம்புழை அணைக்கு 1949 மார்ச்சில் அடிக்கல் நாட்டியவர், அன்றைய சென்னை மாகாணப் பொதுப்பணி அமைச்சர் பக்தவத்சலம். 1955 அக்டோபர் 9-ல் திறந்துவைத்தவர் முதல்வர் காமராஜர். மலபார் அப்போது சென்னை ராஜ்யத்தில் இருந்தது. ஆறரை ஆண்டில் முடிந்த வேலை. பக்கத்திலேயே பாலக்காடு நகரம், ரயில், சமவெளி. ஆள் மாலையில் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. அதே மாவட்டத்தில் இருக்கும் பரம்பிக்குளத்துக்குப் போக, இன்றும் தமிழ்நாட்டுச் சேத்துமடை வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பாதை யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பக்கத்திலிருந்துதான் ஆளும் சரக்கும் ஏறும்.

இடுக்கி வேறு மாதிரி. 1922-ல் கொலும்பன் என்ற பழங்குடித் தலைவர், வேட்டைக்கு வந்த டபிள்யூ. ஜே. ஜானுக்குக் குறவன், குறத்தி மலைகளுக்கு நடுவே ஆறு பாயும் இடுக்கைக் காட்டிக்கொடுத்தார். அவர் விரல் நீட்டிய அந்த இடத்தில் வேலை தொடங்க நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1960-களின் கடைசியில் அணைக் கட்டுமானம் தொடங்கியது. கனடா கடனும் தொழில்நுட்பமும் தந்தது. 1976 பிப்ரவரி 12-ல் இந்திரா காந்தி மின்நிலையத்தை நாட்டுக்கு அளித்தார். 168.91 மீட்டர் உயரத்துக்கு இரண்டு மலைகளுக்கு நடுவே வளைந்து நிற்கும் அந்த வில்லை முதன்முறை பார்த்தபோது பேச்சு வரவில்லை எனக்கு.

இடுக்கிக்குப் போகிறவர்கள் அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். செறுதோணி, வாழத்தோப்புத் தெருக்களிலும் ஒரு நடை நடக்க வேண்டும் என்பேன். வேலைக்கு வந்தவர்களைத் தங்கவைக்கக் கட்டிய குடியிருப்புகளைச் சுற்றி வளர்ந்த ஊர்கள் அவை. கடை, பள்ளி, ஆஸ்பத்திரி, பேருந்து. பெரியாற்றில் ஆட்கள் கூடாரத்தில் தங்கி, காய்ச்சலில் விழுந்தார்கள்; வேலை முடிந்ததும் காடு பழையபடி மூடிக்கொண்டது. இடுக்கியில் ஆட்களுக்காக ஊரே எழுந்து, வேலை முடிந்தபின்னும் நிலைத்துவிட்டது. எண்பது ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது.

ஆனால் எந்திரமும் கணினியும் வந்துவிட்டால் மலை வேலை நேரத்துக்கு முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் மூணாறு பக்கம் போக வேண்டும். 60 மெகாவாட் பள்ளிவாசல் விரிவாக்கத் திட்டம் 2007-ல் தொடங்கியது. நான்கு ஆண்டில் முடிக்கத் திட்டம். சுரங்கப் பணியிலும் ஒப்பந்தத்திலும் சிக்கலுக்கு மேல் சிக்கல். மின்சாரம் வந்தது 2024 இறுதியில். மாட்டுவண்டிக் காலத்து முல்லைப் பெரியாறு எடுத்துக்கொண்டதைப் போல இரு மடங்குக் காலம்.

இது கேரளத்தின் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1934 முதல் 2007 வரை 65 நாடுகளில் கட்டிய 245 பெரிய அணைகளின் கணக்கை எடுத்து 2014-ல் வெளியிட்டார்கள். மதிப்பிட்ட தொகையைவிடச் சராசரியாக 96 விழுக்காடு கூடுதல் செலவு. காலமும் சராசரியாக 44 விழுக்காடு கூடுதல். திட்டமிடுகிறவர்களின் அதீத நம்பிக்கை முக்கியக் காரணம் என்கிறார்கள். அதை நான் ஏற்கிறேன். கூடவே ஒன்றைச் சேர்ப்பேன். நம்பிக்கை அதீதமாவது பெரும்பாலும் ஆள் விஷயத்தில்தான். ‘இத்தனை ஆள், இத்தனை நாள், இத்தனை ரூபாய்’ என்று பெருக்கிப் போடும்போது, மழையில் உட்கார்ந்திருக்கும் ஆளும் காய்ச்சலில் படுத்திருக்கும் ஆளும் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை.

வாளையாறு தாண்டினால்

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் அகலமாக வழிவிடுகிறது. அந்த இடைவெளியில் காற்று வருகிறது, ரயில் வருகிறது, ஆளும் வருகிறார்கள். வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வரிசையாகச் செக்போஸ்ட்டுகள். பொள்ளாச்சி, கோவைப் பக்கமிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் ராவும் பகலும் மேற்கே போகின்றன. கேரளத்தில் எழும்பும் வீட்டின் எலும்பு நம் பக்கத்துக் குன்று. அந்தக் குன்றுகள் குழியாவது தனிக் கட்டுரைக்கான துக்கம்.

ஆட்களின் கதையில் நம் சனம்தான் முதல் அத்தியாயம். கேரளத்து இளைஞர்கள் வளைகுடாவுக்குப் போகப் போக, அவர்கள் அனுப்பிய பணத்தில் வீடுகள் எழும்ப எழும்ப, கலவை சுமக்கத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் போனார்கள். பிறகு வங்காளமும் பீகாரும் அசாமும் வந்தன. திருவனந்தபுரத்தின் குலாட்டி நிதி, வரி நிறுவனத்து ஆய்வாளர்கள் 2013-ல் கேரளத்துக்கு வரும் தொலைதூர ரயில்களில் ஏறி, பயணிகளை எண்ணிக் கேட்டு, வெளிமாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள். அலுவலகத்தில் உட்கார்ந்து எடுக்க முடியாத கணக்கு என்று தெரிந்து ரயிலுக்கே போன அந்த ஆய்வாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. பிறகு மாநிலத் திட்டக்குழுவுக்காகச் செய்த ஆய்வு ஒன்று, 2017-18 நிலவரப்படி எண்ணிக்கை 31 லட்சம் என்றது. அதில் பாதிக்கு மேல் கட்டுமானத்தில்.

ஏன் வருகிறார்கள் என்பதற்கு ரிசர்வ் வங்கியின் ஒரு அட்டவணை போதும். 2022-23-ல் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி நாள் கூலி, ஆண்களுக்கு, கேரளத்தில் 852.50 ரூபாய். தமிழ்நாட்டில் 500.90. நாடு முழுவதற்கும் 393.30. மத்தியப் பிரதேசத்தில் 278.70. அதாவது கூடலூரில் ஜீப் ஏறி குமுளியில் இறங்கினால் ஏறத்தாழ 350 ரூபாய் கூடும். ஜீப்புக்குக் கொடுத்தது போகவும் கையில் நிற்கும்.

இவ்வளவு கூலி கொடுத்தால் கட்டுமானம் கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. 1850-ல் கேட்ட அதே கேள்வி. கேரளத்தில் கூலி உயர்ந்தது தொழிற்சங்கங்களின் பல பத்தாண்டுப் போராட்டத்தால். அதை நான் பெருமையாகவே பார்க்கிறேன். அதே மண்ணில் நோக்குக்கூலி என்ற கேடும் வளர்ந்தது. நம் ஆளை வைத்தே நாம் லாரியிலிருந்து கம்பி இறக்கினாலும், பார்த்துக்கொண்டு நின்ற உள்ளூர்ச் சுமையாட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். 2018 மே 1 முதல் அரசு அதைத் தடை செய்தது. செய்யாத வேலைக்கு வாங்கும் கூலி, செய்த வேலைக்கு வாங்கும் கூலியின் மதிப்பைக் கெடுக்கிறது. தொழிலாளர் தினத்தன்று அந்தத் தடை வந்தது சரியான தேர்வு.

வாளையாற்றைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் கஞ்சிக்கோடு. இரும்பாலைகளும் பட்டறைகளும் நிறைந்த தொழிற்பேட்டை. அங்கே 2019-ல் கேரள அரசு ‘அப்னா கர்’ என்று ஒரு விடுதியைத் திறந்தது. இந்தியில் ‘நம்ம வீடு’. 64 அறைகள், 640 பேர் தங்கலாம், சமைத்துக்கொள்ள 32 சமையலறைகள். இந்த 32-ஐத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். வெளியூர் ஆளை வைத்து வேலை வாங்கிய யாருக்கும் தெரியும்: அவன் ஊர்ச் சோற்றை அவனே ஆக்கித் தின்ன ஓர் அடுப்பு இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சோறு சரியில்லை என்று ஒரு குழு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பிப் போனதால் நின்ற வேலைகள் எத்தனையோ. திட்டமிட்டவர்கள் கட்டிலை மட்டும் எண்ணாமல் அடுப்பையும் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் 31 லட்சம் பேருக்கு நடுவில் 640 இடம் என்பது எத்தனை சிறியது! மீதிப் பேர் எங்கே தங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் கட்டி முடியாத எந்தக் கட்டடத்தின் தரைத்தளத்துக்கும் போகலாம். சிமென்ட் மூட்டைகளுக்குப் பக்கத்திலேயே தகரத் தடுப்பு, உள்ளே பாய், வெளியே கொடியில் துணி.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் ஆள் அழைத்துப் போகும் ஒப்பந்ததாரர் உறைவிடமும் பயணப்படியும் தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் சொன்னது. கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காட்டைத் தொழிலாளர் நலனுக்கு வரியாக ஒதுக்க 1996-ல் சட்டம் வந்தது. தமிழ்நாட்டுக்கு 1994 முதலே கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் உண்டு. கேரளம் 2010-ல் வெளிமாநிலத்தவருக்கென்றே தனி நலத்திட்டம் கொண்டுவந்தது. நம் கூடலூர் ஆளின் நிலைமையைப் பாருங்கள். வாரிய அட்டை தமிழ்நாட்டில், சாரம் கேரளத்தில். மேலிருந்து விழுந்தால் எந்த வாரியத்தின் கதவைத் தட்டுவது என்பது அவர் மனைவிக்குத் தெரியாது. தினமும் போய்த் தினமும் திரும்புகிறவர் என்பதால், ‘புலம்பெயர்ந்தவர்’ என்ற சொல்லும் அவருக்கு ஒட்டவில்லை. எல்லையோர நாள்கூலிக்காரர்களை இரு மாநிலமும் சேர்ந்து ஒரே பதிவேட்டில் கொண்டுவருவது முடியாத வேலையா? தண்ணீர்க் கணக்கை அடி அடியாக எழுதிவைத்திருக்கும் இரு அரசுகள் அவை.

சனிக்கிழமை

குமுளி வீட்டில் தளம் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருந்தார்கள். கீழே முட்டுக் கம்புகளுக்கு நடுவே, கவிழ்த்துப் போட்ட சட்டியின் மேல் உட்கார்ந்து கொத்தனார் வாரக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தார். சதுரடிக் கணக்கில் பேசிய வேலை. வீட்டுக்காரர் தர வேண்டிய தொகையில் ஒரு பகுதிதான் வந்திருந்தது. செலவில் நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது கூலிக்குப் போகும் என்பது இந்தத் தொழிலில் வாய்வழியாக வழங்கும் கணக்கு. அவருடைய லாபம் அந்தக் கூலிக்குள்ளேயே எங்கோ ஒரு மூலையில் இருக்க வேண்டும். பெயர் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார். சித்தாள் பெண்கள் இருவர் எண்ணிப் பார்த்து முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அவர்களுக்குக் கொத்தனார் கூலியில் ஏறத்தாழ பாதி. சுமப்பது பாதியா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, பெண்கள் சிரித்துக்கொண்டார்கள்.

கடைசியாக ஷெட்டில் தங்கியிருக்கும் பையன் வந்தான். ஜார்க்கண்டுக்காரன், இருபது வயதுக்கு மேல் இருக்காது. அந்த வாரம் நான்கு நாள்தான் வேலை செய்திருந்தான். கொத்தனார் நோட்டின் முன்பக்கத்தைப் பார்த்து நான்கு நாள் கூலியை எண்ணி வைத்தார். பிறகு நோட்டைத் திருப்பினார். பின்பக்கத்தில் ‘காய்ச்சல் - 2’ என்று எழுதியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து மேலே வைத்தார். பையன் கணக்குப் புரியாமல் அவர் முகத்தைப் பார்த்தான்.

“மாத்திரை முடிஞ்சுதா?” என்று கேட்டார். அவனுக்கு மொழி விளங்கவில்லை. கையால் மாத்திரை போடுவது போலக் காட்டினார். அவன் தலையாட்டினான். வெளியே கூடலூர் ஜீப் ஹாரன் அடித்தது.